மணல் உறிஞ்சிக்கொள்ளும் என்றார்கள்

போன வெள்ளிக்கிழமை குடித்த டீ எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. சர்க்கரை, ஏலக்காய் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு ஏன்? சொல்கிறேன்.

குளிர்காலம் வந்தால் இங்கே வளைகுடாவில் எல்லோருக்கும் கேம்ப் ஆசை வந்துவிடும். போன மாதம் நண்பன் பாஸ்கரன் தன் மேனேஜரின் கேரவனை இரவல் வாங்கிவந்தான் — காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற வீடு. கட்டில், அடுப்பு, டாய்லெட் எல்லாம் உள்ளேயே. இரண்டு குடும்பங்கள், புஜைரா மலையடிவாரம், காய்ந்த ஆற்றுப்படுகை... நன்றாகத்தான் போனது.

கிளம்பும்போதுதான் உறைத்தது. டாய்லெட்டில் போனதெல்லாம் எங்கே? வண்டிக்கு அடியில் ஒரு டேங்க். தளும்பிக்கொண்டிருந்தது.

"திறந்து விட்டுடலாம்டா. மணல் உறிஞ்சிடும். பாலைவனத்துல யாரு இருக்கா?" என்று பாஸ்கரன் வால்வில் கை வைத்தான்.

பேரீச்சந் தோட்டத்திலிருந்து ஒருவர் ஓடிவந்தார். செல்வராஜ், ராமநாதபுரத்துக்காரர். தோட்டத்தைத் தனி ஆளாகப் பார்த்துக்கொள்கிறார்.

"அண்ணே, இங்க ஊத்தாதீக. கீழதேன் கிணறு இருக்கு. குடிக்கிறது, சமைக்கிறது எல்லாம் அந்தத் தண்ணிதேன். போன வருசம் யாரோ ஊத்திட்டுப் போயிட்டாக. வயித்தால போயிக் கிடந்தேன்."

பாஸ்கரன் கையை எடுத்துவிட்டான். டேங்கோடு டவுனுக்குத் திரும்பி, கழிவுநீர் லாரிகளின் வரிசையில் நின்று, ஒரு பதான் டிரைவரை "பாய், பாய்" என்று கெஞ்சி, அவர் லாரிக் குழாயால் உறிஞ்ச வைத்தோம். நாற்றத்தோடு வீடு வந்தாலும் மனதில் ஒரு பெருமை.

பெருமை எத்தனை நாளைக்கு? பெருநாள் லீவில் அங்கே வரிசையாகக் கேரவன்கள் வந்தனவாம். எல்லோரும் மணலை நம்பி டேங்கைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். யாருமில்லை என்று நாம் சொல்கிற இடத்தில்தான் யாரோ ஒருவர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறார்.

போன வெள்ளி செல்வராஜைப் பார்க்கப் போனபோதுதான் இது தெரிந்தது. "கிணறு நாறுதுண்ணே. தண்ணி லாரி அனுப்புறேன்னு கஃபீல், அதேன் எங்க அரபி முதலாளி, சொன்னாரு. இன்னும் வரல."

எனக்குக் கோபமாக வந்தது. யாரிடம் காட்டுவது? காரில் இருந்த பாட்டில் தண்ணீர்ப் பெட்டியை இறக்கிக் கொடுத்தோம். உடனே டீ போட்டுவிட்டார். டம்ளரை வாங்கிக்கொண்டு நான் தயங்கியதைக் கவனித்திருக்க வேண்டும்.

"பயப்படாம குடிங்கண்ணே. உங்க பாட்டில் தண்ணியிலதேன் போட்டேன்."

அடுப்பில் இன்னொரு சட்டி கொதித்தது. "அது யாருக்கு?" என்றான் பாஸ்கரன்.

"எனக்கு. கிணத்துத் தண்ணி. பாட்டில் தீந்துபோனா மறுபடி அதத்தானே குடிக்கணும்... பழக்கம் விட்டுப்போகக் கூடாதுல்ல."