பேசிக்கொண்டே ஓடுங்கள்

கூடைப்பந்துக் கம்பத்தைப் பிடித்து உலுக்கிப் பார்க்கிறார் பி.டி. டீச்சர். நேற்றும் உலுக்கினார். கான்கிரீட்டில் ஊன்றிய இரும்புக் கம்பம் அது. லாரி வந்து முட்டினாலும் லேசில் அசையாது. இருந்தாலும் இன்னொரு தரம், எதிர்ப்பக்கத்திலிருந்து. அடுத்து தண்ணீர்க் குழாயடி ஈரத்தில் ஷூவைத் தேய்த்து வழுக்குகிறதா என்று பார்ப்பார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்து கல், கண்ணாடிச் சில்லு, உடைந்த பேனா என்று கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்குவார். அதற்குள் பள்ளி மணி அடித்துவிடும்.

எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது அந்த மைதானம். மாலையில் அங்கேயே தெருப் பெண்களுக்கு அவர் நடத்தும் உடற்பயிற்சி வகுப்பில், கடைசி வரிசையில் மூச்சிரைத்து நிற்பவர்களில் நானும் ஒருத்தி. ஆகவே டீச்சரை மேலிருந்தும் பார்த்திருக்கிறேன், எதிரில் நின்றும் பார்த்திருக்கிறேன்.

குட்டையான, இறுகிய உடம்பு. காலை நீட்டி வைத்து நடக்கும் நடை. கழுத்தில் விசில், தோளில் ஒரு பை. அந்தப் பையைத் தூக்குவதே ஒரு பயிற்சிதான். பஞ்சு, கட்டுத்துணி, கத்தரிக்கோல், குளுக்கோஸ், வீங்கிய இடத்தில் வைக்க ஐஸ் போட்ட பிளாஸ்க், மாற்று மூக்குக்கண்ணாடி, இரண்டு செல்போன். "ரெண்டு போன் எதுக்கு டீச்சர்?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணுல சார்ஜ் போயிடுச்சுன்னா? எதுக்கும் இருக்கட்டும்." இந்த "எதுக்கும் இருக்கட்டும்" அவர் வாயில் மூச்சு மாதிரி வந்துகொண்டே இருக்கும்.

மாலை வகுப்பில் அவரிடம் சிரிப்பும் உண்டு. "குனிஞ்சு பாதத்தைத் தொடுங்கன்னு சொல்றீங்க, எனக்குப் பாதம் எங்க இருக்குன்னே தெரியல டீச்சர்" என்றாள் தையல் கடைக்காரி. "தெரியலன்னா தேடுங்க. ஆனா மெதுவாத் தேடுங்க, இடுப்பு பிடிச்சுக்கப் போகுது" என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் சிரிக்கும்போதுகூட அவர் கண் வரிசை வரிசையாக எங்கள் முகங்களில் போய்க்கொண்டிருந்தது. யார் வியர்க்கிறார்கள், யார் வெளுக்கிறார்கள், யார் நெஞ்சில் கை வைக்கிறார்கள் என்று.

அவர் எப்போதும் இப்படி இருந்தவரல்ல. பள்ளியில் சேர்ந்த புதிதில் அந்த மைதானம் நன்றாக ஆடுகிற பத்துப் பதினைந்து பேருக்குச் சொந்தம். மற்றவர்கள் மதிலோரம் உட்கார்ந்து ஆடுபவர்களின் பைகளைக் காவல் காப்பார்கள். டீச்சர் அதை மாற்றினார். "உக்காந்து வேடிக்கை பாக்க இது சினிமா கொட்டாயா? எழுந்திரு!" என்று மதிலோரத்தையே காலி செய்தார். குண்டுப் பிள்ளைக்கு ஒரு விளையாட்டு, கூச்சப்படுகிற பிள்ளைக்கு ஒரு விளையாட்டு, பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொள்கிற பிள்ளைக்கு வேறொன்று. கணக்கு டீச்சர் வந்து, "உங்க பீரியடைக் குடுங்க, பாடம் முடியல" என்று கேட்டால், "உங்க பீரியடை எனக்குக் குடுங்க, இவங்களுக்கு இன்னும் ஓடவே வரல" என்பார். பள்ளியில் அவரைக் கண்டு ஒதுங்காதவர் கிடையாது.

மதிலோரத்திலிருந்து கடைசியாக எழுந்து வந்தவள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. கனத்த மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாள். பிள்ளைகள் அவளைக் 'கண்ணாடி' என்றே கூப்பிடுவார்கள். வர மாட்டேன் என்றவளை டீச்சர் பல வாரம் தாஜா பண்ணி, பக்கத்திலேயே நடந்து, ஒருவழியாக ஓட்டத்துக்குக் கொண்டுவந்தார். அன்று அவள் சிரித்துக்கொண்டேதான் ஓடினாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். இரண்டாவது சுற்றில், யாரும் தட்டிவிடாமலே அவள் முழங்கால் மடங்கியது. மூக்குக்கண்ணாடி தனியே போய் விழுந்தது. டீச்சர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடி, வந்த காரை மறித்து ஏறிப் போனார்.

பெண் பிழைத்துக்கொண்டாள். இதயத் துடிப்பில் பிறவியிலேயே ஒரு கோளாறு, யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. சிகிச்சை செய்து சரிப்படுத்தினார்கள். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அப்பா கேட்ட கேள்வியை மட்டும் யாராலும் சரிப்படுத்த முடியவில்லை. "சும்மா உக்காந்திருந்த பிள்ளையை யாரு உங்களை எழுப்பச் சொன்னது?"

அதற்குப் பிறகு டீச்சர் தன் பீரியடைக் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். கேட்காதவரிடமும் போய், "உங்களுக்கு வேணுமா?" என்றார். மைதானம் வெறிச்சென்று கிடந்தது. பந்துகள் அறைக்குள் காற்று இறங்கிக் கிடந்தன. கைக்கடிகாரம் பழுது பார்க்கும் அவர் கணவர் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார்: "புலியைக் கட்டிக்கிட்டோம்னு நெனச்சிருந்தேங்க. இப்ப எலி மாதிரி ஆயிட்டா. நான் இருமினாக்கூட ஓடி வந்து நாடி பிடிச்சுப் பாக்குறா." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கண்ணாடி பள்ளிக்குத் திரும்பினாள். எப்போதாவது நடக்கும் பி.டி. வகுப்பில் அவளை நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார் டீச்சர். புள்ளிக் கணக்குச் சொல்கிற வேலை. வேறு யாரையும் விட அதிகமாக அவளைத்தான் பார்ப்பார். வேறு யாரையும் விட அதிகமாக அவளிடமிருந்துதான் விலகி நிற்பார்.

அப்படி இருக்கையில் ஒரு மாலை எங்கள் வகுப்புக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். ஒழுங்காகக் கையைத் தூக்கினாள், இறக்கினாள். என்னைத் தவிர எல்லோரும் கிளம்பிய பிறகும் போகவில்லை. கண்ணாடியின் அம்மா. டீச்சர் அவளை அடையாளம் கண்டதும் பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க டீச்சர். சண்டைக்கு வரல. டாக்டர் மெதுவா ஓடலாம்னு சொல்லிட்டாரு. அவங்கப்பாதான் மாடிப்படிகூட ஏற விட மாட்டேங்குறாரு. நீங்களும் உக்கார வெச்சுட்டீங்களாம். 'நான் இன்னும் நோயாளியாம்மா?'ன்னு கேக்குறா. நான் என்ன சொல்லட்டும்?"

"அவ பத்திரமா இருக்கட்டும்னுதான்..."

"அன்னிக்கு நீங்க ஓட வைக்கலன்னா இந்தக் கோளாறு தெரிஞ்சே இருக்காது டீச்சர். என்னிக்காவது தனியா இருக்கும்போது விழுந்திருப்பா."

டீச்சர் வெடித்துவிட்டார். "நான் என்ன, தெரிஞ்சுக்கிட்டா ஓட வெச்சேன்? தெரியாமத்தானே ஓட வெச்சேன்! ஓடுறதுக்கு முன்னாடி அவ உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டேனா?"

அந்த அம்மா அவரையே பார்த்தாள். "இப்பக் கேளுங்க" என்றாள்.

டீச்சர் கேட்டார். அந்த அம்மாவோடு டாக்டரிடம் போய், ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டு, "என்னை நம்புங்கம்மா, எனக்கு வெளியில ஆளுங்க காத்திருக்காங்க" என்று அவரே கும்பிடும்வரை கேட்டார். அங்கிருந்து நேராகத் தலைமையாசிரியர் அறை. எல்லாப் பிள்ளைகளுக்கும் உடல் பரிசோதனை நடந்தால்தான் இனி விசிலைத் தொடுவேன் என்றார். துடிப்பு நின்றவருக்கு நெஞ்சை எப்படி அழுத்துவது என்று ஆசிரியர்கள் அத்தனை பேரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். "இதெல்லாம் நம்ம வேலையா டீச்சர்?" என்றார் தலைமையாசிரியர். "நம்ம பிள்ளைங்கதானே சார்" என்றார் இவர். அவர் வேறு வழியில்லாமல் சம்மதித்தார். ஒரு சனிக்கிழமை ரப்பர் பொம்மையைக் கிடத்தி, கணக்கு டீச்சர் மண்டியிட்டு அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் பொம்மைக்குப் பக்கத்திலேயே சாய்ந்து, "எனக்கு யாராவது அழுத்துங்கப்பா" என்றார். மறுவாரத்திலிருந்து பீரியட் கேட்பதை நிறுத்திவிட்டு மாலை வகுப்பில் வந்து நின்றார்.

பிள்ளைகள் மறுபடி ஓடினார்கள், புதிய சட்டத்தோடு. ஓடும்போது பேச வேண்டும். பேச முடியாமல் மூச்சு முட்டினால் நடக்க வேண்டும். "வாயை மூடிட்டு ஓடாத! யாராவது ஒரு கதை சொல்லுங்க!" என்று மைதானத்தின் நடுவில் நின்று கத்துவார். மற்ற டீச்சர்கள் பேசாதே என்று அதட்டுகிற பள்ளியில் இப்படி ஒரு இடம். சினிமாக் கதை, வீட்டுச் சண்டை, பக்கத்து பெஞ்சு ரகசியம் எல்லாம் என் சமையலறை வரை கேட்கும். கண்ணாடி மட்டும் நாற்காலியிலேயே இருந்தாள். இன்று, நாளை என்று டீச்சர் தள்ளிக்கொண்டே போனார். டாக்டரை நம்பினார், தன்னைத்தான் நம்பவில்லை.

போன வாரம் கண்ணாடி தானே எழுந்து வந்து கோட்டில் நின்றாள். அடுப்பை அணைத்துவிட்டு நான் கீழே இறங்கி, கம்பி வேலியோரம் போய் நின்றேன். வாசலுக்கு வெளியே அவள் அப்பா, பைக்கை அணைக்காமல், ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றிருந்தார். டீச்சர் அவரைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், பையைப் பக்கத்தில் நின்ற கணக்கு டீச்சரிடம் கொடுத்தார்.

"நானும் கூட வர்றேன். அரைச் சுத்துதான். மெதுவா."

ஓடினார்கள். நடையைவிடச் சற்றே வேகம், அவ்வளவுதான். வேலியோரம் வரும்போது பேச்சு காதில் விழுந்தது.

"என்ன பேசுறது டீச்சர்?"

"எதையாவது பேசு."

"பயமா இருக்கு டீச்சர்."

"எனக்கும்தான். அடுத்தது சொல்லு."

பெண் சிரித்துவிட்டாள். டீச்சர் சிரிக்கவில்லை. அவருடைய வலது கை அவள் முதுகுக்குப் பின்னால், தொடாமல், ஒரு சாண் தள்ளி நீண்டபடியே கூட வந்தது. விழுந்தால் பிடிக்கத் தயாரான கை. விரல்கள் விரிந்திருந்தன. திருப்பத்தில் அந்தப் பெண் லேசாக வேகம் எடுத்தாள். கை பதறி முன்னால் பாய்ந்து, அவள் சட்டையை உரசுகிற தூரத்தில் நின்றது. அவள் தன்பாட்டுக்கு ஏதோ பேசிக்கொண்டே போனாள். டீச்சர் அந்தக் கையை மெல்லப் பின்னுக்கு இழுத்து, தன் பேண்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு, ஒற்றைக் கையை வீசியபடி அவள் பக்கத்தில் ஓடினார்.