நீலச் சேலையும் தெருக்குழாயும்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ராயபுரத்திலிருந்து பஸ் பிடித்து ஓவியக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் ஓவியக்கூடம், சாப்பாட்டுக்குப் பிறகு விருப்பப் பாடம். பேர்தான் விருப்பப் பாடம். நான் விரும்பியது சிற்பம். "களிமண் மூட்டையை யார் தூக்குவா?" என்று கேட்டு, சிற்ப வாத்தியார் என்னைத் துணிச்சாயத்துக்குத் தள்ளிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் எங்கள் நைனாவையே கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தியிருப்பேன். ஆனால் நைனா என் பக்கம் பேசியிருக்க மாட்டார். "ஒரு பாடத்துல கோட்டடிச்சாலும் படிப்பு கட். நேரா நர்ஸு டிரெய்னிங்தான்" என்று சொல்லி வைத்திருந்தவர் அவர். நானோ ரத்தத்தைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவள்.

துணிச்சாயத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பாடிக். உருக்கிய மெழுகால் துணியில் படம் போட்டுச் சாயத்தில் முக்கினால், மெழுகு இருக்கும் இடத்தில் நிறம் ஏறாது. முதலில் கையெல்லாம் கொப்புளம். ஆனால் அவுரிச் சாயத்திலிருந்து பச்சையாக வெளியே வரும் துணி, காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும் பாருங்கள், அதில் நான் விழுந்துவிட்டேன். வேண்டா வெறுப்பாகப் போன வகுப்புக்கு முதல் ஆளாகப் போக ஆரம்பித்தேன். மெழுகுக்கு நான் அல்லாடுவதைப் பார்த்து, எங்கள் மாதா கோயில் உபதேசியார் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைப் பை நிறையக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

வருஷக் கடைசியில் ஒரு முழுச் சேலை செய்து காட்ட வேண்டும். நான் சேலை முழுக்கத் துறைமுகக் கிரேன்களாக வரைந்து சாயம் ஏற்றி முடித்தேன். ஆனால் அலசுவதற்குக் கல்லூரிக் குழாயடியில் இடமில்லை. துணிச்சாயத்தையே முக்கியப் பாடமாக எடுத்தவர்கள் முடித்த பிறகுதான் எங்கள் முறை. "வீட்டுக்குக் கொண்டுபோய் மெழுகை எடுத்து அலசிக்கொண்டு வா" என்றார் சாய வாத்தியார். "நாளைக்கு ஈரக் கைக்குட்டையால தேய்ச்சுப் பார்ப்பேன். நீலம் ஒட்டினா மார்க் கிடையாது."

வீட்டுக்கு! கொளுத்துகிற கோடை. எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே தெருக்குழாய், அதிலும் விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். அந்தத் தண்ணீருக்காக அம்மாவும் எதிர்வீட்டு அக்காவும் போடாத சண்டை கிடையாது. குடத்தை நகர்த்தினாய் என்று ஆரம்பித்து ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள்.

மெழுகை எடுக்கக் கொதிக்கவைத்ததிலேயே எங்கள் குடங்கள் பாதி காலி. சாதாரணத் துணி மாதிரி இரண்டு அலசில் போய்விடும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல! அலச அலச நீலம் வந்துகொண்டே இருந்தது. அம்மா குடிக்க வைத்திருந்த பானையையும் கவிழ்த்தாள். அப்போதும் நீலம். போச்சு, நர்ஸ்தான் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சாக்கடையில் ஓடிய நீலத்தைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா வந்தாள்.

"இன்னாமே இது? தெருவையே கலீஜ் பண்ணிக்கினு கீறீங்க?"

அம்மா பதிலுக்குக் கத்துவாள் என்று பார்த்தேன். அவளோ, "சாயம் நிக்கலன்னா பொண்ணு படிப்பே பூடும், அப்புறம் நர்ஸு டிரெய்னிங்தான்" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா சேலையைத் தூக்கிப் பார்த்தாள். தன் வீட்டுக்குள் போய் நிறைகுடத்தோடு வந்தாள். "உனக்காக இல்லமே" என்றாள் அம்மாவிடம். "இவ நர்ஸாயி எனக்கு ஊசி போட வந்தா இன்னா பண்றது? நெனச்சாலே பேஜாராக்கீது." பிறகு வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தாள்: "ஆளுக்கொரு கொடம் எட்த்தாங்கடி!"

வந்தார்கள். ஒருத்தி ஊற்றினாள், ஒருத்தி பிழிந்தாள், நான் அலசினேன். இருட்டுவதற்குள் தண்ணீர் தெளிந்துவிட்டது.

மறுநாள் வாத்தியார் வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, சேலையின் உடல்பகுதியில் தேய்த்தார், முந்தானையில் தேய்த்தார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மார்க் போட்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் எங்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன். "அக்கா, பாஸாயிட்டேன்!"

"அப்பாடா!" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "இல்லாங்காட்டி, ராவு பன்னைத் துன்னுட்டுப் படுத்த எம் புள்ளைங்களுக்கு இன்னாடி பதில் சொல்றது?"

"பன்னா? ஏன்க்கா?"

"சோறாக்கத் தண்ணி ஏது? அதான் உன் சேலை குட்ச்சிடுச்சே. நேத்து நம்ம வரிசைல யார் வூட்ல அடுப்பு எரிஞ்சுது?"

மிச்சம் இருந்த தண்ணீரைத்தான் கொடுத்தார்கள் என்று நினைத்திருந்தேன். கோடு போடக் கற்றுக்கொடுத்தவர்கள், நிறம் கலக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் என்று அந்தக் கல்லூரியில் எத்தனையோ பேருக்கு நான் கடமைப்பட்டவள். என்னைச் சிற்பத்திலிருந்து விரட்டினவருக்கும்தான். ஆனால் எனக்காக அரை வயிற்றோடு படுத்தவர்கள் இவர்கள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

"அய்ய, இன்னாத்துக்கு இப்போ அழுவாச்சி?" என்று என் தலையைத் தட்டினாள். "அடுத்த வருசமாச்சும் தண்ணி கேக்காத பாடமா பாத்து எடு."