ஒரு நாள் இடைவெளி

அந்த மருத்துவமனையில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட வயதில் மூத்த மருத்துவர்கள்கூட அப்படித்தான். கால் முறிந்து கத்திக்கொண்டு வருகிறவனையும் பேச்சுக் கொடுத்தே படுக்கவைத்துவிடுவாள். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது புதுக் கட்டடம் என்று சொல்லப்பட்டது இப்போது பழைய கட்டடம் ஆகிவிட்டது. அலுவலகத்தைப் பொறுத்தவரை அவள் மட்டும் எப்போதும் புதியவள். ஆறு மாதத்துக்கு ஒப்பந்தம். அது முடிகிற அன்று அடையாள அட்டையையும், உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு நாள் வீட்டில் இருக்க வேண்டும். மறுநாள் புது ஆள் மாதிரி வந்து மறுபடியும் சேர வேண்டும். தொடர்ந்து வேலை பார்த்தேன், நிரந்தரமாக்குங்கள் என்று அவள் நாளைக்கு எங்கும் போய் நின்றுவிடக் கூடாதே, அதற்காக அந்த ஒரு நாள். ‘பிரேக்’ என்பார்கள்.

அன்றைக்கு அவள் பாத்திரம் தேய்ப்பாள். தேய்த்ததையே மறுபடியும் தேய்ப்பாள். மறுபடி சேரச் சொல்லி அழைப்பு வருமே என்று போனைக் கண்ணுக்கு எதிரிலேயே வைத்திருப்பாள்.

வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும், “புதுப்பிக்கட்டும், அப்புறம் பாக்கலாம்” என்பதே பதில். ஃபிரிட்ஜ் வாங்குவது, ஒழுகாத வீட்டுக்குக் குடிபோவது, எல்லாவற்றுக்கும் அதே பதில். குழந்தையையும் அப்படித்தான் தள்ளிப்போட்டாள். போதும் என்று தோன்றியபோது, அது வருவதாக இல்லை. இனி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு வந்தது. அதுவும் ஒப்பந்தம் முடியப்போகிற சமயம் பார்த்து.

“மொதல்ல மேனேஜர் மேடம்கிட்ட சொல்லிடு” என்றான் அவள் கணவன். பேக்கரி வேன் ஓட்டுகிறவன்.

“சொன்னா அடுத்த தடவை கூப்பிடுவாங்களா?”

“கூப்பிடலைன்னா போகட்டும். நீ அந்த ரூமுக்குள்ள நிக்காத.”

“ரூம்ல பயமில்லைங்க. கண்ணாடிக்குப் பின்னாலதான் நிக்கிறேன். வார்டுக்கு மெஷினைத் தள்ளிட்டுப் போறதுதான்...”

அவன் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பேக்கரியில் ஆட்களைக் குறைக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அது இருவருக்கும் தெரியும்.

எழுந்து வர முடியாத நோயாளிகளுக்குப் படுக்கையிலேயே படம் எடுக்க வேண்டியிருக்கும். அங்கே தடுப்புச் சுவர் கிடையாது. ஈயம் வைத்துத் தைத்த கனமான அங்கியைப் போட்டுக்கொண்டு, எட்டி நின்று பொத்தானை அழுத்த வேண்டியதுதான். அவள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அங்கி போட்டுக்கொள்ளத் தொடங்கினாள். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும், “மன்னிச்சுக்கோடா” என்று வயிற்றுக்குள் இருப்பதிடம் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்வாள்.

அந்த அறையில் அவளோடு இருந்தவர் ஸ்டூல் அண்ணன். நிரந்தர ஊழியர். ஸ்டூலைவிட்டு அவர் எழுந்து பார்த்தவர்கள் குறைவு. ஆளை நிரந்தரமாக்கினார்களா, ஸ்டூலோடு சேர்த்து நிரந்தரமாக்கினார்களா என்று வார்டில் கிண்டலடிப்பார்கள். வார்டிலிருந்து அழைப்பு வந்தால் அவள்தான் போக வேண்டும். அதுதான் எழுதாத சட்டம்.

இரண்டு அங்கியோடு அவள் கிளம்புவதை ஒரு நாள் அவர் பார்த்தார். மறுநாள் காலை வார்டிலிருந்து ஆள் வந்தபோது அவரே எழுந்தார்.

“எங்கண்ணே கெளம்பிட்டீங்க?”

“உக்காந்து உக்காந்து இடுப்பு பிடிச்சுக்கிச்சும்மா. காலாற நடந்துட்டு வரேன்.”

“மெஷினைத் தள்ளிக்கிட்டா?”

“சும்மா நடந்தா போரடிக்கும்ல.”

அன்றிலிருந்து வார்டு வேலை முழுவதும் அவருடையதாயிற்று. அவள் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நல்ல மனதே வினையாகும் என்று இருவருமே நினைக்கவில்லை. வேறு யார் நடந்திருந்தாலும் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். நடந்தது ஸ்டூல் அண்ணன் ஆயிற்றே! “வெளிய பாருங்க, மழை கொட்டப்போகுது” என்று நர்ஸ்கள் சிரித்தார்கள். சிரிப்பு மாடிப்படி ஏறி நிர்வாக அலுவலகம்வரை போயிற்று. ஏன் என்ற கேள்வியும் கூடவே போயிற்று.

மேலாளர் அம்மா அவளைக் கூப்பிட்டனுப்பினார். திட்டவில்லை. நாற்காலியைக் காட்டினார்.

“எங்கிட்ட ஏம்மா மறைச்சே? சொல்லியிருந்தா அன்னைக்கே கவுன்ட்டர்ல உக்கார வச்சிருப்பேனே.”

“பயமா இருந்தது மேடம்.”

“இதுல பயப்பட என்ன இருக்கு? நல்ல விஷயம்தானே.”

அன்றைக்கே அவளை ரிப்போர்ட் கொடுக்கும் கவுன்ட்டருக்கு மாற்றினார்கள். அவளுக்கு மலையை இறக்கி வைத்தது போலிருந்தது. இவ்வளவு நல்ல மனுஷியைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கப்பட்டாள்.

ஒப்பந்தம் முடிந்த அன்று வழக்கம்போல அட்டையையும் பேட்ஜையும் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு நாள் போயிற்று. போன் வரவில்லை. மறந்திருப்பார்கள் என்று மறுநாள் காலை நேரத்துக்குக் கிளம்பிப் போனாள். ஊழியர் வாசலில் இருந்த காவலாளி, தினமும் வணக்கம் சொல்லுகிறவர், அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“உங்களுக்குப் புது கார்டு வரலையேம்மா.”

அவள் சுற்றிக்கொண்டு நோயாளிகள் வாசல் வழியாக உள்ளே போனாள். அங்கே யாரையும் தடுப்பதில்லை. எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கதவு திறந்தபோது உள்ளே ஒரு புதுப் பெண், இவள் வழக்கமாக மாட்டும் கொக்கியிலிருந்தே அங்கியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“உன்னை யாரும் நிறுத்தலம்மா” என்றார் மேலாளர், மாடியேறிப் போய்க் கேட்டவளிடம் அதே கனிவோடு. “காலம் முடிஞ்சுது, அவ்வளவுதான். குழந்தை பிறக்கட்டும். அப்புறம் பாக்கலாம்.”

யார்மேலும் கோபப்பட வழியில்லை. அதுதான் அவளை அதிகமாக அரித்தது. வெளியே வருகையில் ஸ்டூல் அண்ணன் பின்னாலேயே வந்தார். “நான் பேசாம உக்காந்தே இருந்திருக்கணும்” என்றார்.

“அப்படிச் சொல்லாதீங்கண்ணே” என்றாள்.

மீதி மாதங்களைப் பயத்திலேயே கழித்தாள். முன்பு பொத்தானை அழுத்திய ஒவ்வொரு தடவையும் தூக்கத்தில் வந்தது. பெண் குழந்தை பிறந்தது. டாக்டர், “கொழுக்மொழுக்குன்னு இருக்கா, எதைத் தேடறே?” என்று சிரிக்கும்வரை அவள் குழந்தையின் விரல்களையும் காதுகளையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை குப்புற விழத் தொடங்கிய சமயத்தில் பேக்கரியில் கணவனுக்கு வேலை போயிற்று. அதற்குச் சில நாட்கள் கழித்து மருத்துவமனையிலிருந்து போன்.

“இப்ப மூணு மாசம்தான் தர்றாங்க. வர்றியா?” மேலாளரின் குரல்.

“அதுக்கப்புறம் மேடம்?”

“அப்புறம் பாக்கலாம்.”

“இப்ப இருக்கிற பொண்ணு?”

“அவளுக்கு இந்த மாசத்தோட முடியுது. நீ பழகின ஆள்னு டாக்டருங்க கேக்கறாங்க.”

அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. வருகிறேன் என்று சொன்னாள். தன் குரலில் இருந்த அவசரம் அவளுக்கே பிடிக்கவில்லை.

“யாரு?” என்று அடுக்களையிலிருந்து கணவன் எட்டிப் பார்த்தான். சொன்னாள். அவன் முகம் மலர்ந்துவிட்டது. குழந்தையைத் தூக்கி, “அம்மா வேலைக்குப் போறா, நீயும் நானும் ஜாலி” என்று சுற்றினான்.

அந்தப் பெண்ணைப் பற்றி அவள் அவனிடம் சொல்லவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு, ஜன்னலோரமாகத் திரும்பி உட்கார்ந்து பால் கொடுக்கத் தொடங்கினாள்.