கந்தகத்துக்கு மணம் கிடையாது

கந்தகக் கட்டி ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து, "காதுகிட்ட வச்சுக் கேளுங்க தம்பி" என்றார் காக்கா. உள்ளே ஏதோ நொறுங்குவதுபோல் மெல்லிய சத்தம். கைச்சூட்டில் மேற்புறம் மட்டும் விரிய, சூடு உள்ளே இறங்காமல், கட்டி விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. வளைகுடா நாட்டு எரிவாயு ஆலையில் அன்று எனக்கு முதல் நாள். நான் கடலாடிக்காரன், அவருக்குத் திருப்பாலைக்குடி. அவர்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். ஆலையில் எங்கள் எல்லோருக்கும் அவர் காக்காதான்.

எரிவாயுவிலிருந்து கந்தகத்தைப் பிரித்தெடுப்பது எங்கள் வேலை. மஞ்சள் மஞ்சளாக மலைபோல் குவிந்து கிடக்கும். தண்ணீரில் கரையாது. உருக்கினால் தேன் மாதிரி ஓடும். மேலும் சூடேற்றினால் கருஞ்சிவப்பாகக் கெட்டிப்பட்டு ஓட மறுக்கும். எட்டு எட்டாக வளையம் போட்டிருக்கும் அணுக்கள் அந்தச் சூட்டில் அறுந்து, நீளச் சங்கிலிகளாகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் அப்படி ஆகிறது. ஊரில் நினைப்பதுபோல் கந்தகம் நாறுவதில்லை. அது ஹைட்ரஜனோடு சேர்ந்து வாயுவாகும்போதுதான் அழுகிய முட்டை நாற்றம். அந்த வாயு மிகுந்துவிட்டால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாது. அதுதான் ஆபத்து.

ஒரு மதியம் குழாய்களுக்கு அடியில் வால்வைத் திருகிக்கொண்டிருந்தேன். நாற்றம் வந்தது. நான் எழுவதற்குள் நின்றும் போனது. அலாரம் அலறியது, கால்கள் வரவில்லை. காக்காதான் ஓடி வந்து என்னை வெளியே இழுத்துப் போட்டார். அவசரத்தில் அவருடைய முகமூடி சரியாகப் பொருந்தவில்லை. நான் சீக்கிரமே தேறிவிட்டேன். அவருக்கு உயிர் மிஞ்சியது, மூக்குக்கு வாசம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகும் அங்கேயே வேலை பார்த்தார். அப்போதுதான் ஊரில் அவர் மனைவி இறந்துபோனார். அடக்கம் செய்வதற்குள் அவரால் போய்ச் சேர முடியவில்லை. கொஞ்ச காலத்தில் வேலையை விட்டு ஊரோடு போய்விட்டார்.

இந்த விடுமுறையில் அவரைப் பார்க்கப் போனேன். வெளியே மணலில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அந்த வாடை வீடு முழுக்க இருந்தும் ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. மகள் வெளியூரில், வீட்டில் அவர் மட்டும். அவரே டீ போட்டார். பால் அடிபிடித்த வாடை. மிச்சம் வைக்காமல் குடித்தேன். பிறகு பீரோவைத் திறந்து ஒரு சேலையை எடுத்து வந்தார்.

"ஒண்ணு கேக்கணும் தம்பி. தப்பா நெனைக்காதீங்க. இதுல ஏதும் வாசம் இருக்கா?"

முகர்ந்து பார்த்தேன். பூச்சி உருண்டை வாசம். மடிப்பைப் பிரித்தபோது முந்தானைப் பக்கம் வேறொன்றும் வந்தது.

"கிராம்பு வாசம் வருது காக்கா."

அவர் முந்தானையைத் தொட்டுப் பார்த்தார்.

"கடவாப்பல்லு வலிக்குதுன்னு போன்ல சொல்லிக்கிட்டே இருப்பா. நா வந்து மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருந்தேன்."

என் கையிலிருந்து சேலையை வாங்கினார். முகத்தருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தார். மறுபடியும் இழுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.