அப்பா சொல்லாத ரைட்

இங்கே இங்கிலாந்தின் லெஸ்டரில் காலையில் வீட்டைவிட்டு வெளியே வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் "ஆல் ரைட்?" என்பார். நலம் விசாரிக்கிறார் என்று நம்பி, வந்த புதிதில் என் முதுகுவலியை விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாவம், மனிதர் கார் கதவைப் பிடித்தபடி நெளிந்தார். பதிலுக்கு நானும் "ஆல் ரைட்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. நாம் சொல்வதை நம்பாதவர்கள் இழுத்துச் சொல்வதும் ரைட். மேனேஜர் வேலை ஏவும்முன் கைதட்டிச் சொல்வதும் ரைட். இந்த நாட்டில் வேலை பார்க்கும் உரிமையும் ரைட். விசாப் புதுப்பிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் நான் அந்தக் கடைசி ரைட்டுக்காகத் தினமும் பத்து முறை மெயிலைத் திறந்து பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல் அப்பாவுக்குச் சொந்தம். கடலூர் - சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சிப்காட் ஸ்டாப்பிங்கில் ஷிப்ட் முடிந்து ஓடிவருகிற கடைசி ஆள் ஏறும்வரை, டிரைவர் எவ்வளவு கத்தினாலும் வாயைத் திறக்க மாட்டார். படியில் ஒரு கால், தரையில் ஒரு கால் என்று யாராவது நின்றால் அவர் ரைட் கொடுத்ததே இல்லை. "நான் வரல, நீங்க போங்க" என்று அந்த ஆளே கை காட்ட வேண்டும். ரிடையரான பிறகும் இந்த வழக்கம் போகவில்லை. தங்கையின் கல்யாணப் பேச்சு ஒரு ரைட்டில்தான் முடிந்தது. விமான நிலையத்தில் நான் உள்ளே போய்க் கையசைத்த பிறகு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் வாய் அசைந்ததைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைப் போனிலும் எல்லோரும் பேசி முடித்ததும் கடைசியாக வாங்கி, "ரைட்டு" என்று சொல்லித்தான் வைப்பார்.

மூன்று ஞாயிறுகளாக அது வரவில்லை. "அப்பா தூங்கறாரு", "கடைக்குப் போயிருக்காரு", "சிக்னல் சரியில்ல" என்று தங்கை ஏதேதோ சொன்னாள். வெளிநாட்டில் இருப்பவனிடம் கெட்ட செய்தியைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். துபாயிலிருந்த சித்தப்பாவிடம் நானே அப்படி மறைத்திருக்கிறேன். அதனால் எனக்குப் பொறுக்கவில்லை. தங்கை கணவர் செல்வத்தைத் தனியாகப் பிடித்தேன்.

"நீ பதறுவேன்னுதான் சொல்லல மச்சான். மாமாவுக்கு ஹார்ட்டுல அடைப்பு. சிதம்பரத்துல சேத்துருக்கோம். ஆபரேஷன் பண்ணலன்னா ரிஸ்க்குங்கறாங்க. இவரு கையெழுத்துப் போட மாட்டேங்கறாரு. நீ வரணுமாம்."

விண்ணப்பம் முடிவாகும் முன் நாட்டைவிட்டுக் கிளம்பினால் அது ரத்தாகிவிடும். என் வேலை, மனைவியின் இருப்பு, மகளின் பள்ளிக்கூடம் எல்லாமே அதைப் பிடித்துத் தொங்குகின்றன. பயமாக இருந்தது. அப்பா அங்கே கிடக்கும்போது இதையெல்லாம் யோசிக்கிறேனே என்ற வெட்கம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போக பஸ் நிறுத்தத்தில் நின்றபோது செல்வம் வீடியோ காலில் வந்தார். அங்கே மதியம். ஆஸ்பத்திரியின் பச்சை உடுப்பில் அப்பா சிறுத்துப்போயிருந்தார்.

"டாக்டர் காத்துக்கிட்டிருக்காருப்பா. கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

"எப்ப வர்றே?"

"விசா வந்ததும் வரேன்."

"இன்னும் படியிலயே நிக்கறியேடா. நான் எப்படிக் குடுக்கறது?"

அவருக்குப் புரிகிற மொழி ஒன்றுதான் என்னிடம் இருந்தது. கையை உயர்த்தி, போகச் சொல்லி அசைத்தேன்.

"நான் வரலப்பா. இந்த டிரிப்புக்கு நான் வரல. நீங்க போங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு செல்வத்திடம் பேனாவுக்குக் கை நீட்டினார்.

"ரைட்டு," என்றார்.

போன் அணைந்தது. எப்போது வந்ததோ, என் பஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. "யூ ஆல் ரைட், மேட்?" என்றார் டிரைவர். ஒரு காலைப் படியில் வைத்தேன். மற்றது தரையை விட்டு எழவில்லை.