எட்டாவது சக்கரம்

தம்பி சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த பெட்டியை இன்று மதியம்தான் பிரித்தேன்.

உலகப் போர்க் காலத்து ஜெர்மன் கவச வண்டி. பிளாஸ்டிக் துண்டுகளை நாமே ஒட்டிச் செய்ய வேண்டும். எட்டுச் சக்கரம். முன்னால் ஒரு டிரைவர், பின்னால் பார்த்தபடி இன்னொரு டிரைவர். அவர் எதற்கு என்று யோசித்துக்கொண்டே ஒட்டினேன்.

சக்கரங்களுக்குக் கறுப்பு அடிக்க, தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு செல்வி அக்காவிடம் மருந்து முக்காத தீக்குச்சி வாங்கினேன். குச்சிக்கு ஒரு சக்கரமாகச் செருகி, பெயிண்டில் முக்கி, உருளைக்கிழங்கில் குத்திக் காயவைத்தேன்.

அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "ஏட்டி, நீயும் தீப்பெட்டி ஆபீஸ் தொறந்துட்டியா?"

வாசலில் கீரை வாங்கிவிட்டுத் திரும்பினால் ஏழு குச்சிதான் நிற்கிறது. அங்கேயே விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயது மகளைக் காணோம்.

சமையலறையில் இருந்தாள். வாய் அசைந்துகொண்டிருந்தது.

"வாயத் தொற! முழுங்கிட்டியா?" விரலை விட்டுத் துழாவினேன். கடலைமிட்டாய்.

அதற்குள் என் சத்தம் கேட்டு அக்கா ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கே ஓடிவிட்டார்கள்.

அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். ஒன்றில் தீப்பெட்டி, மற்றதில் சக்கரம் செருகிய குச்சி. பெட்டியின் பக்கவாட்டில் கறுப்பு பெயிண்ட் கோடு கோடாக இழுபட்டிருந்தது.

"அம்மா, பத்தவே மாட்டேங்கு. நமத்துப் போச்சு."

முழுங்கவில்லை என்று நிம்மதிப்படுவதா, உரசத் தெரிந்துவிட்டதே என்று பயப்படுவதா, இன்னும் முடிவாகவில்லை. தீப்பெட்டி இப்போது பீரோவுக்கு மேலே.

பின்னால் பார்க்க ஒரு டிரைவர் எதற்கு என்பது மட்டும் புரிந்துவிட்டது.

உங்கள் வீட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது?