தடுமாறத் தெரியாதவர்

ஆயத்த ஆடை ஆலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தைத்து முடித்த சட்டையெல்லாம் அவள் மேஜையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் போதும், திருப்பி அனுப்பிவிடுவாள். அந்தக் கண்ணை ஆலையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். பாவம், கணவனும் தினம் அந்தச் சோதனையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வந்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். யாராவது மாட்டிக்கொண்டால் போன் வரும், ஓடுவான். திரும்பி வந்தால் விசாரணை. எந்தக் கட்டிடம், மாட்டிக்கொண்டது ஆணா பெண்ணா?

இந்தச் சந்தேகம் அப்பா தேடி வைத்த சொத்து. சின்ன வயதில் அப்பா தாமதமாக வந்தால் அவளுக்குக் கொண்டாட்டம். பஸ்ஸில் பக்கத்து ஆள் தூங்கி விழுந்தது, மேனேஜர் மூக்குக்கண்ணாடியைத் தேடியது என்று கதை கதையாகச் சொல்வார். அம்மாவும் சிரிப்பாள். அத்தனை மாலையும் அவர் வேறொருத்தி வீட்டில் இருந்தார் என்பது பதினேழு வயதில்தான் தெரிந்தது. அம்மா இறந்தபின் அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். சோறு போட்டாள், மருந்து கொடுத்தாள், முகம் கொடுத்துப் பேசவில்லை. கணவனிடமும் எதையும் சொல்லவில்லை. அப்பனின் லட்சணத்தை எந்த வாயால் சொல்வது?

அன்று சாயங்காலம் கணவன் முதலில் நாலாவது மாடி என்றான், பிறகு மூணாவது என்றான். பிடித்துக்கொண்டாள். அவன் விழித்தான், உளறினான், வேறு கட்டிடத்தோடு குழப்பிக்கொண்டான். கடைசியில் பேச்சை நிறுத்திவிட்டு நாலு சட்டையைப் பையில் திணித்தான். அக்கா வீட்டுக்குப் போகிறானாம். போனால் திரும்பமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் போகாதீங்க என்று சொல்ல வாய் வரவில்லை.

உள்ளறையிலிருந்து அப்பா வந்தார்.

"மாப்பிள்ளை பொய் சொல்லலைம்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "பொய் சொல்றவன்... இப்படித் தடுமாற மாட்டான். எல்லாத்தையும் யோசிச்சு வச்சுக்கிட்டுத்தான் வருவான். நான்... உங்கம்மா கேட்டப்போ நான் ஒரு நாளாவது..."

அவளுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது, அழவும் வேண்டும் போலிருந்தது. பதினேழு வயதுக்குப் பிறகு அவர் சொன்ன எதையும் அவள் நம்பியதில்லை. இதை நம்பினாள்.

"பையை வைங்க" என்றாள் கணவனிடம்.

அவன் வைக்கவில்லை. மாமனாரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அப்போ இத்தனை வருஷமா அவ என்கிட்டக் கேட்டதெல்லாம் உங்ககிட்டக் கேக்க வேண்டியதா, மாமா?"